நேரில் பார்வையிட்டதில்

அந்த நோட்டீசை இப்படிக் கொஞ்சம் குடுங்க அண்ணாச்சி. பஸ் ஸ்டாண்டுல குடுத்தாங்களா? நினைச்சேன். ரெண்டாவது வரியைப் பாருங்க. 'சூரியக் கூறைத் திட்டம்.' வீட்டுக் கூரைக்கு சின்ன ர போடணும். இவங்க பெரிய ற போட்டு வச்சிருக்காங்க. கூறைன்னா கல்யாணத்துல பொண்ணு கட்டுற புடவை. சூரியனுக்குப் புடவை எடுத்துக் குடுக்கப் போறாங்க போல, எங்க ஆவரங்கோட்டை நகராட்சியில! ஐயாயிரம் நோட்டீஸ் அடிச்சிருக்காங்க, ஒரு ஆளு படிச்சுப் பாக்கல. முன்னாடின்னா இது என் மேஜைக்கு வராம அச்சுக்குப் போயிருக்காது.

ஆமா, அங்கதான் வேலை. கோமதிநாயகம்னு பேரு. நகரமைப்புப் பிரிவு. இருபத்தாறு வருஷ சர்வீஸ். நீங்க எதுவரைக்கும் போறீங்க? திருநெல்வேலியா? அப்ப நேரம் இருக்கு, சொல்றேன்.

மொட்டை மாடியில சோலார் தட்டு வைக்கணும்னா மின்வாரியத்துல ஒரு மனு குடுக்கணும், அது தனி. எங்க ஊர்ல அதுக்கு முன்னாடி நகராட்சியில ஒரு அனுமதிச் சீட்டும் வாங்கணும். இரும்புச் சட்டம் போட்டு உசரமாத் தூக்கி வைக்கிறாங்கல்ல, ஆடி மாசக் காத்துல பறந்து போயி பக்கத்து வீட்டுல விழுந்துட்டா? அதுக்காகத்தான். அந்தச் சீட்டு குடுக்கிற மேஜை என் மேஜை.

ஒண்ணு சொல்லிருறேன். நான் யாருகிட்டயும் பத்து பைசா வாங்கினது கிடையாது. ஒரு டீ வாங்கிக் குடிச்சது கிடையாது. கை சுத்தம். என் வேலையெல்லாம் மனுவுல குறை பாக்கிறது. குறை இல்லாத மனுன்னு ஒண்ணு உலகத்துலயே இல்லை, பாத்துக்கிடுங்க. பொறுமையாத் தேடணும், அவ்வளவுதான். பட்டாவுல 'முத்தையா', ரேஷன் கார்டுல 'முத்தய்யா'. திருப்பி அனுப்பு. போட்டோ மேல போட்ட கையெழுத்து பாதி வெளியில நிக்குது. திருப்பி அனுப்பு. ஒரு கடிதத்துக்கு ஒரு குறைதான் எழுதுவேன். எல்லாத்தையும் மொத்தமா எழுதினா ஜனங்க குழம்பிருவாங்க. ஒண்ணைச் சரி பண்ணிக் கொண்டு வரட்டும், அடுத்ததைச் சொல்லலாம். நிதானமாப் போகணும்.

இன்னொண்ணு. மனுவுல பேரோட எழுத்துப் பொருத்தம் பாக்கிறதோட சரி, அது யாரு பேருன்னு நான் பாக்க மாட்டேன். நம்பரைத்தான் பாப்பேன். பேரைப் பாத்தா இவன் நம்ம தெருக்காரன், அவன் நம்ம சொந்தக்காரன்னு மனசு சாயும். எனக்கு எல்லாரும் ஒண்ணு.

இப்படி எல்லாம் ஒழுங்காப் போயிட்டு இருந்தப்பதான் தை மாசம் புது ஆணையர் வந்தாங்க. ஜெபசெல்வின்னு பேரு. முப்பத்தஞ்சு வயசுக்கு மேல சொல்ல முடியாது. வந்த மூணாம் நாளே எங்க பிரிவுக்கு வந்து நின்னாங்க. கூப்பிட்டு அனுப்பியிருக்கலாம், அதுதான் முறை. அவங்களே வந்துட்டாங்க.

"கோமதிநாயகம் சார், போன பதினோரு மாசத்துல சோலாருக்கு எத்தனை மனு வந்திருக்கு?"

"இருநூத்திப் பதினாலு, மேடம்." எனக்கு நோட்டைப் பாக்க வேண்டாம், விரல் நுனியில இருக்கும்.

"அனுமதி குடுத்தது?"

"ஒம்பது, மேடம்."

அவங்க என் நோட்டை இழுத்து ஒம்பதையும் எண்ணிப் பாத்தாங்க. நான்தான் சொன்னேன், "ஒம்பதும் சுத்தமான மனு, மேடம். எந்த ஆடிட் வந்தாலும் ஒரு கேள்வி கேக்க முடியாது."

"மிச்ச இருநூத்தி அஞ்சும்?"

"நடவடிக்கையில இருக்கு, மேடம்."

சிரிச்சாங்க. நான் பாராட்டுறாங்கன்னுதான் நினைச்சேன். அடுத்த வாரமே மன்றக் கூட்டத்துல தீர்மானம் போட்டுட்டாங்க. என்ன தீர்மானம்? மனு வந்த ஏழு நாள்ல முடிவு சொல்லணும். சொல்லலைன்னா அனுமதி குடுத்த மாதிரியே கணக்கு. திருப்பி அனுப்புறதா இருந்தா ஒரே ஒரு தடவைதான், எல்லாக் குறையையும் ஒரே கடிதத்துல எழுதணும். நிராகரிக்கணும்னா அதிகாரி நேர்ல போயி மாடியைப் பாத்துட்டு எழுதணும். வார்டு வார்டா முகாம் போடணும். அதுக்கும் மேல, ஆபீஸ் வாசல்ல ஒரு பெரிய பலகை. எந்த மனு, எந்த அதிகாரி கையில, எத்தனை நாளா இருக்குன்னு எழுதிப் போடணும்.

பலகை வச்சாங்க. இருநூத்தி அஞ்சு வரி. ஒவ்வொரு வரியிலயும் 'கோமதிநாயகம்', 'கோமதிநாயகம்', 'கோமதிநாயகம்'. ஊர்ல சேர்மன் பேரு கூட அத்தனை இடத்துல எழுதிப் பாத்திருக்க மாட்டீங்க. காய்கறி வாங்கப் போறவங்க கூட நின்னு வாசிச்சிட்டுப் போனாங்க. மாவு மில் வச்சிருக்கிற அற்புதராஜ் என்னைப் பாத்து, "என்ன சார், ஒரே நாள்ல பேமசாயிட்டீங்க"ன்னாரு. அவரு மனுவும் அதுல இருந்துச்சு, அறுபத்தி மூணாவது வரி. நான் பெருமையா எடுத்துக்கிடல. கூச்சமா இருந்துச்சு, அவ்வளவுதான்.

சரி, ஏழு நாள்னா ஏழு நாள். சட்டம் சட்டந்தான். ஆனா நேர்ல போயி மாடியைப் பாக்கணும்னு இருக்கே, அங்கதான் சிக்கல். எனக்கு முழங்கால் வலி. அதோட, இருபத்தாறு வருஷம் கட்டட பைல் பாத்தவனுக்கு மாடின்னா எப்படி இருக்கும்னு தெரியாதா? ஒரு படிக்கட்டு, ஒரு தண்ணித் தொட்டி, துணி காயப்போடுற கொடி. எல்லா மாடியும் அதேதான். உக்காந்த இடத்துலயே எனக்கு மாடி தெரியும். அதனால ஒரு நல்ல வாசகம் தயார் பண்ணி வச்சிருந்தேன். 'நேரில் பார்வையிட்டதில், மாடிப்படி குறுகலாகவும் கைப்பிடி இன்றியும், மேல்நிலைத் தொட்டியின் நிழல் விழும்படியும் உள்ளதால் மனு ஏற்கத்தக்கதல்ல.' கேட்டீங்களா, எவ்வளவு கோர்வையா வருது? தேதியையும் நேரத்தையும் மட்டும் மாத்தி மாத்தி அந்த இருநூத்தி அஞ்சுக்கும் பதில் போட்டாச்சு.

இப்ப எங்க வீட்டைப் பத்திச் சொல்லணும். இல்லைன்னா உங்களுக்கு விளங்காது.

எங்க வீட்ல பேரு செண்பகவல்லி. தையல் யூனிட் வச்சிருக்கா. வீட்டு மேல மாடி ஹால், அதுல ஆறு மிஷின், நாலு பொண்ணுங்க வேலைக்கு வராங்க. ரெண்டு பள்ளிக்கூடத்துக்கு யூனிபார்ம் தச்சுக் குடுக்கிறா. வீடு அவ பேருலதான், எங்க மாமனார் எழுதிக் குடுத்தது. நான் கீழ் வீட்டோட சரி. ஹாலுக்கும் அதுக்கு மேல மொட்டை மாடிக்கும் நான் போறது கிடையாது. பொம்பளைங்க வேலை பாக்கிற இடம், நமக்கு என்ன அங்க?

போன வருஷம் ஆனி மாசத்துல ஒரு நாள் காலையில தோசை ஊத்திக்கிட்டே கேட்டா. "ஏங்க, நம்ம வீட்டுக்கும் இந்த சோலார் போட்டா என்ன? பகல்லதானே மிஷின் ஓடுது. தோதா இருக்கும்லா?"

நான் சொன்னேன், "நல்லாக் கேட்ட. அனுமதி குடுக்கிறவன் வீட்டுலயே முதல்ல போட்டா ஊரு என்ன பேசும்? பொறு."

"எதுவரைக்கும் பொறுக்கணும்?"

"சொல்றேன்."

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவ கேக்கவே இல்லை. புரிஞ்சுக்கிட்டான்னு நினைச்சேன். எங்களுக்குள்ள அப்படி ஒரு புரிதல், அண்ணாச்சி. நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், மறு பேச்சு கிடையாது.

ஐப்பசியில ஒரு நாள், சாப்பிட்டுட்டு இருக்கேன், கேக்கிறா: "ஒரு வீட்டை முழுசா போட்டோ எடுக்கணும்னா எவ்வளவு தூரத்துல நின்னு எடுத்தா தெளிவா இருக்கும்?" எனக்கு ஆச்சரியம். போட்டோவுல ஆர்வம் வந்திருக்கு போலன்னு அரை மணி நேரம் விளக்கினேன். தெருவோட எதிர்ப் பக்கம் நிக்கணும், வெயில் முதுகுல படணும், வாசக் கதவு நம்பர் தெரியணும். தலையாட்டிக் கேட்டுக்கிட்டா. கார்த்திகையில, "பழைய கதவு நம்பரும் புது நம்பரும் வேற வேறயா இருந்தா என்ன சர்ட்டிபிகேட் வாங்கணும்?"னு கேட்டா. அதையும் சொன்னேன். பங்குனி பிறந்ததும், "மாடிப்படிக்குக் கைப்பிடி எத்தனை அடி இருக்கணும்?" மூணடின்னேன். கல்யாணமான புதுசுல கூட இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. வயசாக ஆகத்தான் புருஷனோட அறிவு தெரியுதுன்னு நினைச்சுக்கிட்டேன்.

பங்குனி கடைசி சனிக்கிழமை எங்க வார்டுக்கு முகாம். கல்யாண மண்டபத்துல போட்டாங்க. மேடையில மேடம், பக்கத்துல மின்வாரியத்துல இருந்து ஒருத்தர், பேங்க்ல இருந்து ஒருத்தர், ஓரத்துல நான், என் முன்னால பைல் கட்டு. கீழ முன்னூறு பேரு. கையில டோக்கன். ஒவ்வொருத்தரா வந்து மைக்குல பேசணும். முதல் முப்பது பேரும் என்னைப் பத்தித்தான் பேசினாங்க. பேரு சொல்லல. 'அந்த சீட்டுல உக்காந்திருக்கிறவரு', 'அந்த செக்சன்'னு சொன்னாங்க. பொதுவாச் சொல்றாங்கன்னு நான் குறிப்பெடுத்துக்கிட்டு இருந்தேன்.

"டோக்கன் முப்பத்தெட்டு."

நான் குனிஞ்சு எழுதிட்டு இருக்கேன். ஒரு பொம்பளைக் குரல். "வணக்கம் மேடம். விண்ணப்ப எண் நூத்திப் பதினேழு. மூணு தடவ மனு குடுத்தேன், மூணு தடவயும் திரும்பி வந்துருச்சு."

குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. ஊர்க்காரங்க குரல்தானே, கேட்டிருப்போம்னு எழுதிக்கிட்டே இருந்தேன்.

"முதல்ல வீட்டுப் போட்டோ தெளிவா இல்லைன்னாங்க. எடுத்துக் குடுத்தேன். அப்புறம் கதவு நம்பர்ன்னாங்க. சர்ட்டிபிகேட் வாங்கிக் குடுத்தேன். மூணாவது, நேர்ல வந்து பாத்தேன், மாடிப்படியில கைப்பிடி இல்லைன்னு எழுதியிருக்காங்க. நேர்ல வந்து பாத்தவங்க யாருன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும், மேடம். நான் வீட்டை விட்டு எங்கேயும் போறதில்லை."

"நூத்திப் பதினேழு யாரு பாத்தது?"ன்னு மேடம் கேட்டாங்க.

நான் பைலைப் புரட்டி, எழுந்து நின்னு சொன்னேன், "நான்தான் மேடம். மார்ச் பன்னெண்டாம் தேதி, காலை பதினோரு மணிக்கு நேர்ல பார்வையிட்டேன்." சொல்லிட்டு நிமிந்து பாத்தேன்.

செண்பகம் நிக்கிறா. மைக்கைப் பிடிச்சுக்கிட்டு. தீபாவளிக்கு எடுத்த பச்சைப் புடவை. பின்னால தையல் பொண்ணுங்க நாலு பேரு.

என்னைப் பாத்தா. யாரோ ஒரு ஆபீசரைப் பாக்கிற மாதிரிப் பாத்தா. "பன்னெண்டாம் தேதி பதினோரு மணிக்கு நானும் இந்தப் பிள்ளைங்களும் மாடியிலதான் துணி வெட்டிட்டு இருந்தோம், சார். யாரும் வரல."

சார்னு சொன்னா, அண்ணாச்சி.

மேடம் அவகிட்ட கேக்கறாங்க, "படிக்கட்டுல கைப்பிடி இருக்காம்மா?"

"இருக்கு மேடம். போட்டு ஒம்பது வருஷமாச்சு. மூணடி இல்லைன்னு சொல்லி எங்க வீட்டுக்காரரே வெல்டிங்காரரைத் திருப்பி வரச் சொல்லி ஏத்திப் போட வச்சாரு."

"வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கிறாரு?"

"நகராட்சியிலதான் மேடம்."

"எந்தப் பிரிவு?"

அவ சொல்ல வேண்டிய அவசியம் வரல. பின்னால நின்ன ஒரு பொண்ணு, இசக்கியம்மான்னு பேரு, பொறுக்க முடியாம, "அந்தா நிக்கிறாருல்லா!"ன்னு கையை நீட்டிட்டா.

மண்டபம் என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க. சிரிப்பு ஓய அஞ்சு நிமிஷம். மாவு மில் அற்புதராஜ் நாற்காலி மேல ஏறி நின்னு பாத்தாரு. மின்வாரியத்து ஆளு கைக்குட்டையால வாயைப் பொத்திக்கிட்டாரு. எனக்கு வெட்கம் ஒண்ணும் இல்லை. வேர்த்துச்சு, அது மேடையில ஃபேன் சரியில்லாததால.

மேடம் மட்டும் சிரிக்கல. மைக்கை மூடிக்கிட்டு மெதுவாக் கேட்டாங்க, "சார், உங்க வீட்டு மனுன்னு தெரியாதா?"

"நான் பேரைப் பாக்கிறதில்லை, மேடம். பாரபட்சம் வந்துரும்."

"அட்ரஸ்?"

"தெருவுக்குப் புதுப் பேரு வச்சுட்டாங்க, மேடம். நாங்க பழைய சந்தைத் தெருன்னுதான் சொல்றது. மனுவுல மூன்றாவது குறுக்குத் தெருன்னு இருந்துச்சு."

"போட்டோ?"

"வீட்டுப் போட்டோ தெளிவா இருக்கான்னும், ஆளு போட்டோ மேல கையெழுத்து பட்டிருக்கான்னும் மட்டும்தான் பாப்பேன், மேடம்."

என் பைலை வாங்கி மூடி வச்சாங்க. சஸ்பெண்டுதான்னு நினைச்சேன். பொய் அறிக்கை எழுதினா அதுக்கு வழி இருக்கு, எனக்கே தெரியும். அவங்க மைக்கைத் திறந்து சொன்னாங்க: "திங்கக்கிழமையிலருந்து கோமதிநாயகம் சாருக்கு ஆபீஸ்ல நாற்காலி கிடையாது. அனுமதி கிடைக்காத இருநூத்தி அஞ்சு மாடியிலயும் ஏறிப் பாத்துட்டு, அங்கேயே அனுமதிச் சீட்டு எழுதிக் குடுப்பாரு. ஒவ்வொரு மாடியிலயும் அவரு நிக்கிற போட்டோ எனக்கு வரணும்."

கை தட்டினாங்க பாருங்க. எனக்குக் கூட ஒரு நிமிஷம் மாலை போடப் போறாங்களோன்னு தோணிச்சு.

அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். எப்பவும் போல காபி வந்துச்சு. டம்ளரைக் கீழ வச்சுட்டுக் கேட்டேன், "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேனே. ஆனியில வாயால சொன்னேன். பொறுன்னீங்க. அதுக்கப்புறம் மூணு தடவ எழுத்து மூலமாச் சொன்னேன். நீங்கதான் பதிலும் போட்டீங்க."

பீரோவைத் திறந்து ஒரு கவரை எடுத்து என் கையில குடுத்தா. மூணு கடிதமும் வரிசையா அடுக்கி வச்சிருந்தா. தபால்ல வந்த உறை கூடக் கிழியாம இருக்கு.

"கல்யாணமாகி இருபத்தேழு வருஷம். நீங்க எனக்கு எழுதின கடிதம் இது மூணும்தான்"னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. "முதல் கடிதத்துல 'தாங்கள்'னு வேற எழுதியிருக்கீங்க. நாலு நாள் அதைத்தான் வாசிச்சுக்கிட்டு இருந்தேன்."

அது ஆபீஸ் நடைமுறை, எல்லாருக்கும் தாங்கள்னுதான் போடணும்னு சொன்னேன். அவ கவரை வாங்கி உள்ள வச்சுட்டு இட்லி ஊத்தப் போயிட்டா. எதுக்கு அப்படிச் சொன்னேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. சரியான தகவல்தான். ஆனா சொல்லியிருக்க வேண்டாம்.

திங்கக்கிழமை முதல் மாடி எதுன்னு நினைக்கிறீங்க? மேடம் நூத்திப் பதினேழுலருந்துதான் ஆரம்பிக்கணும்னு எழுதிட்டாங்க. பதினோரு மணிக்கு என் வீட்டுக் கதவை நானே தட்டினேன்.

"யாரு?"

"நகராட்சியிலருந்து."

"அடையாள அட்டை இருக்கா?"

காட்டினேன், அண்ணாச்சி. வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பாத்துட்டு, "போட்டோ பழசா இருக்கே"ன்னு சொல்லித்தான் உள்ள விட்டா.

மாடி ஹாலுக்குள்ள கால் வச்சேன். ஒம்பது வருஷத்துல முதல் தடவ. உள்ள போனதும் மூஞ்சில அடுப்பைத் திறந்து விட்ட மாதிரி இருக்கு. நாலு பொண்ணுங்களும் வேர்வையில நனைஞ்சு போய் உக்காந்து தச்சுக்கிட்டு இருக்காங்க. மேல பாத்தா மூணு ஃபேன் தொங்குது, ஒண்ணும் சுத்தல.

"கரண்டு இல்லையா?"ன்னு கேட்டேன்.

இசக்கியம்மாதான் சொன்னா. "இருக்கு சார். மிஷினுக்கு மட்டும்தான். பதினோரு மணியிலருந்து மூணு மணி வரைக்கும் அக்கா ஃபேன் போட மாட்டாங்க. பில்லு தாங்காதுல்லா. ரெண்டு வருஷமா இப்படித்தான்."

செண்பகம் அவளை முறைச்சா. "உனக்கு வாய் நீளம். காலரைத் தை."

கீழ் வீட்டுல எனக்கு மத்தியானம் ஞாயித்துக்கிழமைன்னா ஃபேன் ஓடும், கூட ஒரு டேபிள் ஃபேன் ஓடும். அது வேற கணக்குன்னு நினைச்சிருந்தேன். மீட்டர் ஒண்ணுதான். அது எனக்குத் தெரியும், ஆனா அப்படி யோசிச்சுப் பாத்ததில்லை.

மொட்டை மாடிக்குப் போனோம். கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறினேன், நல்லாத்தான் இருந்துச்சு. தொட்டி வடக்கு மூலையில இருக்கு, நிழல் தட்டு மேல விழாது. நான் எழுதினதுல ஒரு வார்த்தை கூட உண்மை இல்லை. வெயில் அப்படி அடிக்குது, காலை வைக்க முடியல. அவ ஓரத்துல முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டு நிக்கிறா.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"குறை ஏதும் இருக்கா?"

நான் சுத்திப் பாத்தேன். பழக்கம், விட மாட்டேங்குது. ஒரு இடத்துல தளத்துல வெடிப்பு இருந்துச்சு. மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு, "ஒண்ணும் இல்லை"ன்னேன்.

சீட்டை அங்கேயே, தொட்டி மேல வச்சு எழுதிக் குடுத்தேன். தேதியைத் தப்பா எழுதி, அடிச்சுத் திருத்தினேன். வெயில்ல அப்படித்தான் ஆகும்.

அதுக்கப்புறம் மிச்ச மாடியெல்லாம் ஏறினேன். ஐம்பத்தோரு நாள். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, எல்லா மாடியும் ஒண்ணு இல்லை. ஒரு மாடியில புறா வளக்கிறாங்க. ஒரு மாடியில ஒருத்தர் தினமும் கிளாரினெட் பழகுறாரு, கீழ வீட்டுக்காரங்க விடலன்னு. ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருத்தங்க மோர் குடுத்து உக்கார வச்சு, "இதுக்கு முன்னாடி ஒரு ஆளு இருந்தானாம், அஞ்சு தடவ என்னைத் திருப்பி அனுப்பினான். அவன் நாசமாப் போகட்டும். நீங்கதான் தம்பி நல்ல மனுசன்"னாங்க. "அந்த ஆளை மாத்திட்டாங்கம்மா"ன்னு சொன்னேன். பொய் இல்லையே? மோரும் நல்லா இருந்துச்சு. ரெண்டாவது டம்ளரும் வாங்கிக் குடிச்சேன். அதை லஞ்சத்துல சேக்க முடியாது.

இருநூத்தி அஞ்சுல இருநூத்தி ரெண்டு அனுமதி. மூணு வீடு மட்டும் நிஜமாவே பலம் இல்லாத தளம். அதை எழுதிட்டேன், நேர்ல பாத்துதான் எழுதினேன். போன மாசம் கலெக்டர் ஆபீஸ்ல எங்க ஊருக்குக் கேடயம் குடுத்தாங்க. குறைஞ்ச நாள்ல அதிக வீட்டுக்கு சோலார் போட்ட நகராட்சின்னு. மேடம் போய் வாங்கினாங்க. பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அதுல நான் இல்லை. ஒரு வரி கூட என்னைப் பத்தி இல்லை. நீங்களே சொல்லுங்க, ஒரே நேரத்துல இருநூத்தி ரெண்டு வீட்டுக்குக் குடுக்க அவங்களுக்கு எங்கருந்து கிடைச்சுது? நான் பதினோரு மாசமா சேத்து வச்சிருக்கப் போயித்தானே? நான் பாட்டுக்கு அப்பப்ப குடுத்துத் தீத்திருந்தா இந்தக் கேடயம் வந்திருக்குமா? சவத்த விடுங்க. செஞ்சவனுக்கு என்னைக்குப் பேரு கிடைச்சிருக்கு?

வீட்டுலயா? போட்டாச்சு, போட்டாச்சு. பன்னெண்டு தட்டு. மேல அதோட நிழல் விழுறதால ஹாலுக்குள்ள சூடும் குறைஞ்சிருக்கு. சுவிட்சு போட்ட அன்னைக்கு நான் அரை நாள் லீவு போட்டுட்டு மத்தியானம் ரெண்டு மணிக்கு ஹால்ல போயி நின்னேன். மூணு ஃபேனும் சுத்துது. பொண்ணுங்க வெட்டிப் போட்ட துணியெல்லாம் பறக்குது, பிடிச்சுப் பிடிச்சு மிஷினுக்கு அடியில சொருகுறாங்க, ஒரே சிரிப்பு. செண்பகம் எனக்கு நாற்காலி போடல. ஒரு ஸ்டூலைத் தள்ளி விட்டு, ஒரு கூடை சட்டையைக் கொண்டு வந்து வச்சா. "சும்மாதானே இருக்கீங்க. இதுல பொத்தான் கோணலா இருக்கிறதை எடுத்து வைங்க. குறை பாக்கிறதுதான் உங்களுக்கு நல்லா வரும்லா?"

நாப்பது சட்டையில ஆறு எடுத்தேன். ஆறும் சரியா எடுத்திருக்கேன்னு அவளே சொன்னா. இப்ப தினமும் ஆபீஸ் விட்டதும் மேலதான் போறேன். இசக்கியம்மாவுக்கு என்னைக் கண்டா ஆகாது. "வந்துட்டாருடி செக்சனு"ன்னு சொல்றது என் காதுல விழத்தான் செய்யுது.

பாலம் வந்துருச்சா? நான் இங்கதான் இறங்கணும். நூல் கடைக்குப் போறேன், லீவு போட்டுட்டு. இந்தத் துண்டுத் துணியைப் பாருங்க, இதே கலர்ல எட்டு கண்டு நூல். போன வாரம் வாங்கிட்டுப் போனேன், ஒரு நூல் வெளிறி இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டா. மாத்திட்டு வந்தேன். அதுவும் சரியில்லை. என்ன குறைன்னு எழுதிக் குடு, கடைக்காரன்கிட்ட காட்டணும்னு கேட்டேன். "எழுதினா இருபத்தேழு வருஷத்துல நான் உங்களுக்கு எழுதின முதல் கடிதம் நூலைப் பத்தின்னு ஆயிரும், வாயாலேயே சொல்றேன்"னு சொல்லி, பக்கத்துல உக்கார வச்சு, நூலை விரல்ல சுத்தி, வெளிச்சத்துல பிடிச்சு, அரை மணி நேரம் விளக்கினா.

எனக்கு முதல் நிமிஷத்துலயே விளங்கிருச்சு. நான் சொல்லல.

ஹோல்டான், டிரைவர்! ஆளு இறங்கணும்!